சடங்கு முடிந்த பதினேழாம் நாள்

என் அக்கா மகள் பச்சரிசி தின்கிறாள் என்பதை அவளுடைய அப்பத்தாதான் முதலில் பார்த்தது. அரிசி வாளியின் மூடி அரைகுறையாகக் கிடந்திருக்கிறது, பிள்ளை வாய்க்குள் எதையோ போட்டு மென்றுகொண்டே ஓடியிருக்கிறாள், கையை விரித்துக் காட்டச் சொன்னால் உள்ளங்கையில் நாலைந்து அரிசி ஒட்டியிருக்கிறது. "வெறும் அரிசியத் தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்டி" என்று அப்பத்தா சத்தம் போட, வீட்டில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் அது. பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. அந்த தை மாதம்தான் அவளுக்குச் சடங்கு சுற்றியிருந்தோம்.

அரிசி, சிலேட்டுக்குச்சி, சாக்பீஸ், செங்கல் பொடி, மண் என்று சாப்பாட்டில் சேராத ஒன்றை ஆசைப்பட்டுத் தின்பது உடம்பில் இரும்புச்சத்து குறைந்துபோனதற்கான நன்கு தெரிந்த அடையாளங்களில் ஒன்று. இரும்புச்சத்தை ஏற்றிவிட்டால் பெரும்பாலும் அந்த ஆசை தானாகவே அடங்கிவிடும், திட்டவோ அடிக்கவோ வேண்டியதே இல்லை. இது எனக்குத் தெரியவந்தபோது ஆவணி பிறந்துவிட்டது. அதற்குள் பிள்ளை வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டார், பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறாள் என்று அக்காவே சொன்னாள், ஒரு தனியார் கிளினிக்கில் காட்டி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, ஒரு டானிக் பாட்டிலும் வாங்கி வந்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லவில்லை. அப்புறம் நான்தான் இழுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஹீமோகுளோபின் 8.6.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் சீட்டு கையில் இருந்தும் அதைப் படிக்கத் தெரியாமல் பீரோவுக்குள் வைத்துவிடுகிறோம். 12 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். 11-க்கும் 12-க்கும் நடுவில் இருந்தால் லேசான ரத்தசோகை, 8-க்கும் 11-க்கும் நடுவில் என்றால் நடுத்தரம், 8-க்குக் கீழே போனால் கடுமையானது. ஆண் பிள்ளைகளுக்கு 15 வயதுக்கு மேல் 13 இருக்க வேண்டும். எங்கள் பிள்ளை கடுமைக்கு ஒரு முடி தூரத்தில் நின்றிருக்கிறாள், நாங்களோ கல்யாணத்துக்கு மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் ஒருத்திதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஒரு பெஞ்சில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்தால் இரண்டு பேர்.

இப்போது அந்த தை மாதத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் பிள்ளை பெரிய மனுஷியானால் பதினாறு நாள் அவளைத் தனியாக உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள் (நாள் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும்). காலையில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்டிய உளுந்தங்களி, நாட்டுக்கோழி முட்டை, வெந்தயக்களி, அத்தைமார் ஆளுக்கொரு நாள் சமைத்துக் கொண்டுவரும் கறிச்சோறு. தாய்மாமன் சீர் கொண்டுவருவான், மண்டபம், மைக் செட், ஃப்ளெக்ஸ். அந்த மண்டபச் செலவைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது இருக்கட்டும். அந்தப் பதினாறு நாளில் ஒரு சொந்தபந்தமே ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி யோசிக்கிறது. சாப்பிட்டாளா, தூங்கினாளா, வயிறு வலிக்கிறதா, முகம் தெளிஞ்சிருக்கா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பதினேழாம் நாள் காலை ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஒரு டம்ளர் டீயும் இரண்டு பன்னும் தின்றுவிட்டு ஓடுகிறாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டாளா என்று கேட்க ஆளில்லை, அவளுடைய மாதவிலக்கு சரியாக வருகிறதா என்று கேட்க அம்மாவுக்கே கூச்சம்.

உடம்பின் தேவையோ அப்போதுதான் தொடங்குகிறது. பத்து வயதுக்கு மேல் எலும்பு நீள்கிறது, தசை கூடுகிறது, உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவே கூடுகிறது, இத்தனைக்கும் இரும்பு வேண்டும். பெண் பிள்ளைக்கு இதற்கு மேல் மாதாமாதம் ரத்தம் வெளியேறுகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போனால் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது என்பது கணக்கு. மாதம் 30, 40 மில்லிலிட்டர் போனால் 15 முதல் 20 மில்லிகிராம். சாதாரணமாக நாம் சாப்பிடும் சோறு, குழம்பு, பொரியலில் இருக்கும் இரும்பில் மிகச் சிறு பங்குதான் உடம்பில் ஒட்டும் என்பதால் அந்த இழப்பை ஈடுகட்டுவது லேசான வேலை கிடையாது. அதிகமாகப் போகிற பிள்ளைகள், ஏழெட்டு நாள் நிற்காமல் போகிற பிள்ளைகள் பாடு இன்னும் மோசம், அவர்கள் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், "வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது.

நம் ஊரில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் திட்டங்கள் குறைவில்லை. அங்கன்வாடி 1975-ல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடக்கிறது, ஆறு வயது வரைக்கும் சத்துமாவு, சாதம், முட்டை. காமராஜர் காலத்தில் 1956-ல் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாகப் பெரிதாக்கினார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கப்பட்டதே மதுரையில்தான், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். அதற்காக மதுரைக்காரியாக எனக்குப் பெருமை உண்டு, வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை பத்து மணிக்கே பெஞ்சில் சாய்வதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்த உப்புமாவின் அருமை தெரியும். ஆனால் வயதை வரிசையாக வைத்துப் பாருங்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைக்கு எதுவும் இல்லை. அப்புறம் அரசாங்கம் அவளைத் தேடி வருவது அவள் கர்ப்பமான பிறகுதான், அப்போது எடை பார்ப்பார்கள், ரத்தம் பார்ப்பார்கள், மாத்திரை தருவார்கள், ஊட்டச்சத்துப் பெட்டகம் தருவார்கள். உடம்பு அதிகமாகக் கேட்கும் வயதில்தான் தட்டு ஒவ்வொன்றாக எடுக்கப்படுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் காலையில் பசிக்காது என்று யார் முடிவு பண்ணியது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

திட்டம் நீளும் வரைக்கும் வீடும் தெருவும் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், அதற்குப் பதில் நம் மாவட்டத்திலேயே நாற்பது வருஷத்துக்கு முன்னால் செய்து பார்த்த ஒன்றில் இருக்கிறது. மேலூரைத் தாண்டித் திருச்சி ரோட்டில் போனால் கொட்டாம்பட்டி வரும். 1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தபோது முதன்முதலாகச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது இந்தக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தைத்தான். அதில் செய்தது ரொம்ப எளிமையான வேலை. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைக்கும் உள்ள ஒவ்வொரு குழந்தையையும் மாதம் ஒருமுறை தராசில் போட்டு எடை பார்த்தார்கள், அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். கோடு ஏறினால் சரி. கோடு படுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள், அம்மாவிடம் உட்கார்ந்து பேசினார்கள், எடை ஏறியதும் நிறுத்தினார்கள். எடை பார்த்தது அந்தந்த ஊரிலேயே வேலைக்கு எடுக்கப்பட்ட பெண், சத்துருண்டை பிடிப்பதிலும் ஊர்ப் பெண்கள் குழுக்களுக்குப் பங்கு இருந்தது. குழந்தை எலும்பும் தோலுமாக ஆன பிறகு ஓடுவதற்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கோட்டில் தெரிந்தது, அதுதான் அதன் பலம்.

இன்னொன்றும் இங்கேயிருந்து போனதுதான். மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள், அதன் முடிவு 1990-ல் வெளிவந்தது. பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் 15,419 பேர். பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ. வாராவாரம் வீடு வீடாகப் போய்க் கொடுத்தவர்கள் ஊர்த் தொண்டர்கள், வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதிக்கொண்டதும் அவர்களே. ஒரு வருஷம் முடிந்து பார்த்தால், வைட்டமின் ஏ கிடைத்த குழந்தைகளில் இறப்பு மற்றவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. மாலைக்கண் வராமல் இருக்கக் கொடுக்கும் சத்து உயிரையே காப்பாற்றுகிறது என்பதை உலகத்துக்கே காட்டிய ஆய்வுகளில் அதுவும் ஒன்று. மருந்தில் பலம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு வாரம் தவறாமல் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்ற அந்த ஆள் இல்லாவிட்டால் மருந்து டப்பாவுக்குள்தான் இருந்திருக்கும்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்த வாசலில் நிற்கும் ஆள் இன்றைக்கும் உண்டு. கிராம சுகாதார செவிலியர் புதன்கிழமை தடுப்பூசி போட வருவார், வரவில்லை என்றால் அங்கன்வாடி ஆயா வீடு தேடி வந்து கூப்பிடுவார். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாசலில் யாரும் நிற்பதில்லை. பள்ளிக்கு மருத்துவக் குழு வருஷத்துக்கு ஒருமுறை வரும், அன்றைக்குப் பிள்ளை லீவு என்றால் இன்னொரு வருஷம் ஆகும். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டெட்டனஸ், டிப்தீரியா ஊசியைப் பற்றி எங்கள் தெருவில் விசாரித்தபோது பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

மாத்திரை வருகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். 10 முதல் 19 வயது வரைக்கும் வாரம் ஒரு நீல நிற மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ஐந்திலிருந்து ஒன்பது வயதுக்கு இளஞ்சிவப்பு, கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு. எங்கள் பிள்ளையின் பள்ளியில் வியாழக்கிழமை கொடுக்கிறார்கள். "நீ போட்டியாடி?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் சொன்னாள், "சித்தி, பிரேயர் முடிஞ்சதும் குடுப்பாங்க, வெறும் வயித்துல போட்டா குமட்டுது, ஒரு தடவ வகுப்புலயே வாந்தி எடுத்துட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க. அதுலருந்து வாயில வச்சு வெளிய துப்பிருவேன்." ஜன்னலுக்கு வெளியே போட்டவர்கள் உண்டு, ஜாமெட்ரி பாக்ஸுக்குள் சேர்த்து வைத்தவர்களும் உண்டு. இன்னொரு பிள்ளை அதைப் போட்டதும் மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறாள். தெருவில் ஒரு அம்மா, நல்ல விவரமானவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏத்தா, அது பிள்ள பெறாம இருக்கறதுக்குக் குடுக்கறதுன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டார்.

ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது, சொல்ல ஆளில்லாததுதான் பிரச்சினை. இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பிட்ட பிறகு போட்டால் பெரும்பாலும் குமட்டாது. மலம் கறுப்பது உடம்பு எடுத்துக்கொள்ளாத மிச்ச இரும்பு வெளியே போவதால், அதில் ஒரு ஆபத்தும் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு அது எந்தத் தடையும் செய்யாது, நாளைக்குக் கர்ப்பமாகும்போது இதே இரும்பைத்தான் டாக்டர் சிவப்பு மாத்திரையாக எழுதிக் கொடுக்கப்போகிறார். ஆனால் ஒன்று, அட்டையோடு பிள்ளைகள் கையில் கொடுத்துவிடக் கூடாது. 2023-ல் நீலகிரியில் பள்ளி மாணவிகள் பந்தயம் கட்டி இந்த மாத்திரைகளை அள்ளி விழுங்கியதில் ஒரு மாணவி இறந்தே போனாள். அளவுக்கு மீறிய இரும்பு கல்லீரலைத் தாக்கும். வீட்டில் வைத்திருந்தாலும் உயரத்தில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பெரியவர்கள் கையால் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் டீ. மதுரைக்காரர்களிடம் டீயைக் குறை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். டீ, காபியில் இருக்கும் துவர்ப்பு சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சோற்றோடும் மாத்திரையோடும் டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். பாலிலும் கிட்டத்தட்ட அதே கதைதான், "மாத்திரையப் பால்ல போட்டுக் குடு" என்பது தவறு. மாறாக எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா மாதிரி புளிப்பும் வைட்டமின் சி-யும் உள்ளவை கீரை, பருப்பு, கம்பு, கேழ்வரகில் உள்ள இரும்பை இழுத்துக் கொடுக்கும். முருங்கைக்கீரைப் பொரியலோடு ஒரு நெல்லிக்காய் ஊறுகாய்த் துண்டு வைத்தால் அதே கீரை கூடுதலாக வேலை செய்யும், காசு ஒன்றும் கூடப்போவதில்லை. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்த நம் பாட்டிமாருக்கும் அந்த இரும்பு கொஞ்சம் சாப்பாட்டில் இறங்கியது.

கறி சாப்பிடும் வீடுகளில் ஒரு விஷயத்தை நான் கவனித்திருக்கிறேன். ஆட்டுக்கறியிலும் ஈரலிலும் சுவரொட்டியிலும் இருக்கும் இரும்பு கீரையில் இருப்பதைவிடப் பலமடங்கு லேசாக உடம்பில் ஒட்டும். ரத்தம் ஊற சுவரொட்டி வாங்கிக் கொடு என்பது நம் ஊரில் எல்லா ஆத்தாமாருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு சுவரொட்டியைச் சுட்டு யார் தட்டில் வைக்கிறோம்? வேலைக்குப் போகிற மனுஷனுக்கு, இல்லையென்றால் ஜிம்முக்குப் போகிற பையனுக்கு. ஈரல் முதல் பங்கும் அப்படித்தான். பெண் பிள்ளைக்குக் குழம்பும் எலும்பும். எங்கள் அக்கா வீட்டில் இதை நான் சொன்னபோது மச்சான் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே அடுப்படிக்குப் போய் மகள் தட்டில் வைத்துவிட்டு வந்தார். பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எத்தனை நல்ல சாப்பாடு போட்டாலும் வயிற்றில் கொக்கிப் புழு இருந்தால் ஓட்டைப் பானைதான். மலம் கலந்த ஈர மண்ணில் இருக்கும் அதன் குட்டிப் புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் குடலில் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். கண்மாய்க் கரையிலும் கருவேலங்காட்டிலும் ஒதுங்குகிற பழக்கம் இருக்கிற ஊரில், அந்த வழியாகவே வெறுங்காலோடு பிள்ளைகள் குளிக்கப் போகிற ஊரில், இது நின்று வேலை செய்யும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையைச் சப்பி மென்று விழுங்க வேண்டும், ஒரே ஒரு மாத்திரை. அன்றைக்கு லீவு போட்ட பிள்ளைக்கு விடுபட்டவர்களுக்கான நாளில் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். கூடவே வீட்டுக் கழிப்பறையில் விறகு அடுக்கி வைத்திருப்பதையும் காலி பண்ண வேண்டும், பிள்ளைக்கு ஒரு ஜோடி செருப்பும் வேண்டும்.

பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கும் ரத்தசோகை உண்டு, வாராந்திர மாத்திரை அவர்களுக்கும் சேர்த்துத்தான், ஆனால் "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறோம். அவர்கள் விஷயத்தில் என் பெரிய பயம் உதட்டுக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் அந்தச் சின்னப் புகையிலைப் பொட்டலம். தமிழ்நாட்டில் குட்கா வகையறாக்களுக்கு 2013 முதல் தடை இருக்கிறது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் எந்தப் புகையிலையும் விற்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் சொல்கிறது, மாணவர்கள் இதற்கு அடிமையாவதைப் பார்த்து 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டது. இருந்தும் கிடைக்கிறது. விற்பவர் வெளியூர்க்காரர் இல்லை, நாம் தினமும் பால் பாக்கெட் வாங்கும் கடைக்காரர். அதனால்தான் போலீசுக்கு முன்னால் தெரு பேச வேண்டிய விஷயம் இது என்கிறேன். நாலு அம்மாக்கள் சேர்ந்து போய், "அண்ணே, நம்ம பிள்ளைகளுக்கு வேண்டாம்ணே" என்று கேட்டபோது எங்கள் கடைக்காரர் கொஞ்சம் முறுக்கினார், ஒரு வாரம் கழித்து எடுத்துவிட்டார். எல்லாக் கடையிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை.

கல்யாணம் இதே கணக்கில்தான் சேர்கிறது. 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும், உடம்புக் கணக்குதான் தெரிவதில்லை. வளர்ந்து முடியாத, ரத்தம் 9 இருக்கிற பிள்ளை கர்ப்பமானால் அவள் உடம்பும் வயிற்றில் உள்ளதும் ஒரே தட்டுக்குப் போட்டி போடும், குழந்தை எடை குறைந்து பிறக்கும், கொட்டாம்பட்டித் தராசில் கோடு படுத்ததே, அந்தக் கோடு மறுபடி அங்கிருந்துதான் தொடங்கும். எங்காவது பேச்சு எழுந்தால் 1098-க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

எங்கள் தெருவில் என்ன செய்தோம் என்றால், பெரிய காரியம் எதுவும் இல்லை. அக்கா இருக்கிற மகளிர் குழுவில் மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு வாசித்து முடித்ததும் ஐந்து நிமிஷம் பிள்ளைகள் கணக்கு பேசுவது என்று முடிவு செய்தோம். தெருவில் பத்திலிருந்து பத்தொன்பது வயது வரைக்கும் பதினொரு பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டு மளிகைக்கடைக் காலண்டரிலும் வியாழக்கிழமைக் கட்டத்தில் மாத்திரை போட்டால் ஒரு டிக், வீட்டுக்கு விலக்கான நாளில் ஒரு சுழி. கிராம சுகாதார செவிலியர் புதன்கிழமை அங்கன்வாடிக்கு வந்தபோது கேட்டுக்கொண்டோம், அடுத்த புதன்கிழமை பதினொரு பேருக்கும் விரலில் குத்திப் பார்த்தார். ஆறு பேருக்குக் குறைவு, அதில் இரண்டு பேர் பையன்கள். அந்த அறையில் அம்மாக்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், தன் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தரும் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தவர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவை நிறையப் பேர் கையெழுத்துப் போடும் கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். செப்டம்பர் கூட்டத்தில் அக்கா எழுந்து ஒன்றே ஒன்று கேட்டாள், மாத்திரையைப் பிரேயருக்குப் பதிலாகச் சத்துணவு முடிந்ததும் கொடுக்க முடியுமா என்று. தலைமையாசிரியை உடனே சரி என்றார், "இத யாரும் சொல்லவே இல்லையேம்மா" என்றார். அதிலிருந்து துப்புவது பெருமளவு நின்றுவிட்டது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சத்துணவு இல்லையே, அவர்கள் டிபன் பாக்ஸ் கொண்டுவந்தால் உண்டு. எங்கள் தெருவில் அப்படி இரண்டு பிள்ளைகள், ஒருத்தியின் அம்மா விடியற்காலையே களை பறிக்கப் போய்விடுவார், அவளுக்கு இப்போது பக்கத்து வீட்டில் ஒரு டப்பா சேர்த்துக் கட்டுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஜெயிக்கவில்லை. பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறையில் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை. அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள், நீர்க்கடுப்பு, வயிற்றுவலி, மாதவிலக்கு நாளில் லீவு. அரசாங்கம் நாப்கின் தருகிறது, அதை மாற்ற ஒரு வாளித் தண்ணீர் வேண்டாமா? அக்டோபர் 2 கிராம சபையில் எழுதிக் கொடுத்தோம். நவம்பர் 1 கிராம சபையில் மறுபடி எழுதிக் கொடுத்தோம், இந்தத் தடவை தீர்மானத்தில் ஏற்றிவிட்டுத்தான் எழுந்தோம். ஜனவரி 26-க்குள் மோட்டார் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைக்கு டாக்டர் தினமும் மாத்திரை எழுதிக் கொடுத்தார், மூன்று மாதம். எண் ஏறினாலும் உடம்பின் சேமிப்பு நிரம்பும் வரை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பத்தா கையால்தான் கொடுப்பது, அது கட்டளை. கார்த்திகையில் மறுபடி பார்த்தபோது 11.4. பஸ் ஸ்டாப்பிலிருந்து உட்காராமல் வருகிறாள். அரிசி வாளிப் பக்கம் போவதில்லை.

போன வாரம் பின் தெருவில் ஒரு வீட்டில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்று உளுந்தங்களி கொண்டு போனோம். அப்பத்தாவும் வந்தது. பிள்ளையின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவள் அம்மாவிடம் கேட்டது: "ரத்தம் எத்தனை இருக்குன்னு பாத்தீகளா?" பார்க்கவில்லை என்றார்கள். வருகிற புதன்கிழமை கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி, தாய்மாமன் அங்கேயே காலண்டரில் குறித்து வைத்தான்.